நைரோபியில் மத்தாத்து ஏறுவதற்கு முன்
கென்யத் தலைநகர் நைரோபிக்குப் போகிறீர்களா? அங்கே மக்கள் அன்றாடம் நம்பியிருப்பது மத்தாத்து எனப்படும் தனியார் வேன்களையும் பஸ்களையும்தான். வேன்களில் பெரும்பாலும் 14 இருக்கை. கட்டணம் நிலையாக இருக்காது. காலை மாலை நெரிசலிலும், மழை பிடித்துக்கொண்டாலும் சட்டென ஏறிவிடும். அதனால் உட்காருவதற்கு முன்பே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். சந்தேகமென்றால் பக்கத்தில் இருப்பவரிடமும் கேட்கலாம், தவறே இல்லை. 50, 100 ஷில்லிங் தாள்கள் கையில் இருக்கட்டும். 1000 ஷில்லிங்கை நீட்டினால் மீதிக்குக் காத்திருக்க வேண்டும். பல வண்டிகளில் எம்-பெசா என்ற செல்போன் வழிப் பணச் சேவையிலும் செலுத்தலாம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போன் பார்க்கவே பார்க்காதீர்கள். சிக்னலில் நிற்கும்போது வெளியிலிருந்து பறித்துவிடுவார்கள். நிலையத்தில் ஆள் நிரம்பும்வரை வண்டி கிளம்பாது; அவசரமென்றால் ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பியதில் ஏறுங்கள்.