பேட்டிக்கு முன்னால் ஒரு பொட்டலம்

"ராத்திரி பஸ் ஸ்டாப்பில் பயமா இருக்குமா?" என்று பெண்களிடம் நேராகக் கேட்டால், "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லை" என்று முடித்துவிடுவார்கள். இங்கே வடிவமைப்பாளர்களின் உத்தி கைகொடுக்கும். 1990களின் கடைசியில் ஐரோப்பாவில் முதியவர்களிடம் வரைபடம், தபால் அட்டை, கேமரா போட்ட பொட்டலங்களைக் கொடுத்து அவர்கள் வாழ்க்கையை அறிய முயன்றார்கள்.

உங்கள் ஆய்வுக்குத் தெரு வரைபடமும் ஸ்டிக்கர் பொட்டும் போதும். நின்று பேசிய இடத்தில் பச்சை, வேகமாகக் கடந்த இடத்தில் சிவப்பு. ஒரு வாரம் அந்தப் பெண்களே ஒட்டட்டும். அப்புறம் பேட்டி: "இந்தச் சந்து வழியா போகாம ஏன் சுத்திப் போனீங்க?" பேச்சு தானாக வரும்.

ஆண்களிடமும் அதே பொட்டலத்தைக் கொடுங்கள். ஒப்பிட்டால்தான் வித்தியாசம் தெரியும். வரைபடத்தில் பெயர் மட்டும் வேண்டாம், வீட்டில் யார் கண்ணிலாவது படும்.