கடற்கரை ஊரில் ஒரு கொலை: துப்பறியும் நாவல் எழுதுவது எப்படி

கொன்றவன் யார் என்று கடைசி அத்தியாயம் வரை தெரியக்கூடாது, தெரிந்ததும் "அடடா, இதை முதலே சொல்லியிருக்கே" என்று வாசகர் பக்கங்களைப் பின்னுக்குப் புரட்ட வேண்டும். அப்படியொரு நாவலை நம்மூர்க் கடற்கரையில் வைத்து எழுத ஆசையா? முதலாம் அத்தியாயத்தை எழுத உட்காராதீர்கள். யார் கொன்றது, ஏன், எத்தனை மணிக்கு, எந்த ஒழுங்கையால் திரும்பிப் போனான், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி முடியுங்கள். கதை அதற்குப் பிறகுதான்.

ஊருக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள், ஆனால் யாழ்ப்பாணத்துக் குருநகர், பாஷையூர் போல ஆழமில்லாத பரவைக்கடல் ஓரமாக இருக்கட்டும். சந்தேகப்பட ஐந்தாறு பேர் போதும். தீவு என்றால் இன்னும் வசதி: வாடைக்காற்றில் கடல் கொந்தளித்து நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் படகு நின்றுவிட்டால், கொன்றவனும் உள்ளேதான்.

காரணத்துக்குக் காணியை விட நம்பக்கூடியது எது? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் கையெழுத்து வைக்க மாட்டேன் என்கிறான், வாங்க நிற்பவன் முற்பணம் கொடுத்துவிட்டான், அவளுடைய தமையனுக்கோ காணி வெளியில் போகக்கூடாது. ஒரே காணி உறுதிப் பத்திரத்தில் மூன்று பேர் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இனித் தடயம். நான் அதிகம் மினக்கெடச் சொல்வது இதில்தான். கைரேகை, இரத்தக்கறை எல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். உங்கள் தடயம் அந்தக் கரையில் மட்டும் செல்லுபடியாக வேண்டும். ஒருவன் இரவு முழுக்க ஆழ்கடலில் அறக்குளா மீனுக்கு வலை விட்டதாகச் சொல்கிறான் என்று வையுங்கள். விடிய அவன் கொண்டுவந்த பையில் ஓரா. ஓரா கரையோரம் சாதாளை என்கிற கடற்புல்லில் மேய்கிற மீன், ஆழ்கடல் வலைக்கு வராது. இந்தத் தடயத்தை எங்கே ஒளிப்பது? கூழ்ப் பானையில். வீடே கூடி ஒடியல் கூழ் காய்ச்சுகிற நாள், மச்சாள் ஓரா வெட்டும்போது முள் ஏறி விரல் கடுகடுக்கிறது, அவள் சத்தம் போட, அதில் ஒரு பழைய சண்டை கிளம்புகிறது. வாசகருக்குச் சண்டைதான் நினைவில் நிற்கும், மீன் நிற்காது. மீனை யாரிடமாவது வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்காக அவன் வாயாலேயே ஒரு வரி: "வலையிலயிருந்து கழட்டின கையோட கொண்டந்தனான் மச்சாள்."

1929இல் நொக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் இந்த வகைக் கதைக்குப் பத்து விதி எழுதினார். அதில் இரண்டை நான் விடவே மாட்டேன்: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், துப்பறிபவருக்குக் கிடைக்கிற தடயம் உடனே வாசகருக்கும் கிடைக்க வேண்டும்.

துப்பறிய ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவரைப் போடுங்கள். எந்த வீட்டுக்கு எங்கிருந்து கடிதம் வந்தது, எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியும். திடீர் மரண விசாரணை அதிகாரி, சட்ட வைத்திய அதிகாரி, பொலிஸ் எல்லாம் வரத்தான் வேண்டும், ஆனால் நாலு வரியில் முடியுங்கள்.

எழுதி முடித்ததும் முதலில் ஒரு கடற்றொழிலாளியிடம் வாசிக்கக் கொடுங்கள். ஆடி மாதக் கொலையில் தென்மேற்குச் சோளகத்துக்குப் பதிலாக வடகிழக்கு வாடை வீசினால் அவர் அந்தப் பக்கத்திலேயே நிறுத்திக் கேட்பார்.