நிதித்துறை நமக்கு ஒத்துவருமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சி.ஏ. எனப்படும் பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வான இன்டர் முடிவு வெளியாகும்போதெல்லாம் எங்கள் தணிக்கை அலுவலகத்திற்கு ஆர்ட்டிக்கிள்ஷிப், அதாவது தணிக்கையாளரிடம் பெற வேண்டிய நேரடிப் பயிற்சி, கேட்டு மாணவர்கள் வருகிறார்கள். இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால், முன்பு வந்தவர்கள் சொல்லிப் பின்னர் வருந்திய அதே காரணங்களையே இவர்களும் சொல்கிறார்கள். கடைசி நாளில் விண்ணப்பிப்பது, மாதிரித் தேர்வு எழுதாமல் போவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பள்ளிக் கணக்கில் நூற்றுக்கு நூறு

அந்த மதிப்பெண்ணுக்கும் இந்த வேலைக்கும் தொடர்பு மிகக் குறைவு. இங்கே பெரும்பாலும் கூட்டலும் கழித்தலும்தான். எந்தத் தொகை ஏன் அந்தத் தலைப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்று துருவிக் கேட்கும் குணமே தேவைப்படுகிறது.

சந்தை ஆர்வத்தைத் தொழில் ஆர்வமாகக் கருதுவது

கைபேசியில் ஆப்ஷன் (பங்கின் வருங்கால விலையை ஒட்டிய ஒப்பந்தம்) வாங்கி விற்றுச் சிறிது லாபம் பார்த்தவர்கள் தமக்கு நிதித்துறையில் இயல்பான திறமை இருப்பதாக நம்பிவிடுகிறார்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமே அடைந்தார்கள் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. லாபத்தைக் கண்டு பரவசப்படுகிறவரை விட, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் கணக்குக் குறிப்புகளைப் பொறுமையாகப் படிக்கிறவருக்கே இந்தத் துறை பொருந்தும்.

பெயருக்கு ஆர்ட்டிக்கிள்ஷிப்

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இன்னமும் எரிச்சல் வருகிறது. ஒரு தணிக்கையாளரிடம் பதிவு செய்துகொண்டு, அலுவலகத்திற்கே போகாமல் பயிற்சி மையத்தில் இறுதித் தேர்வுக்குப் படிப்பதைத்தான் மாணவர்கள் ‘டம்மி’ என்கிறார்கள். சி.ஏ. படிப்பை நடத்தும் நிறுவனத்தின் விதிகளுக்கு இது முற்றிலும் விரோதமானது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இந்தத் தொழில் தமக்குப் பொருந்துமா என்று மாணவர் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே காலத்தை அது விழுங்கிவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை மகனை அழைத்து வந்து, “சார், உதவித்தொகை எதுவும் வேண்டாம், பையன் படிக்கணும், நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தா போதும்” என்றார். மறுத்துவிட்டேன்; வேறோர் இடத்தில் அந்த ஏற்பாடு நடந்துவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். தேர்ச்சி பெற்ற பிறகு அதே இளைஞர் வேலை கேட்டு எங்களிடமே வந்தார். ஒரு நூல் வியாபாரியின் ரொக்கப் புத்தகத்தைக் கொடுத்து, வருமான வரியில் எந்தச் செலவுகள் கழிவாக ஏற்கப்படமாட்டா என்று கேட்டேன். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏற்கப்படாது என்ற விதியைத் தடங்கலின்றிச் சொன்னார். ஆனால் அதே நாளில் ஒரே சரக்கு விற்பனையாளருக்கு 9,000, 8,500 என்று இரண்டு வவுச்சர்களாகப் பிரித்து எழுதப்பட்டிருந்தது கண்ணெதிரே இருந்தும் அவருக்குத் தெரியவில்லை. அது கூடப் பழகினால் வந்துவிடும். கிடங்கில் நின்று நூல் மூட்டைகளை எண்ணுவதும், வாடிக்கையாளரிடம் விடாமல் ஆவணம் கேட்பதும் தமக்குச் சிறிதும் பிடிக்காதவை என்பதை அவர் வேலையில் சேர்ந்த பிறகே கண்டுகொண்டார் என்பதுதான் வருத்தத்திற்குரியது. முதல் மூன்று மாதங்களிலேயே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது.

படிக்க நேரமில்லை என்ற சாக்கும் இப்போது செல்லாது. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக்காலம் மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டது. அது முடிந்தபின் இறுதித் தேர்வுக்குப் படிக்க ஆறு மாதமும் தரப்படுகிறது.

உண்மையாகப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதலில் வங்கி தரும் கணக்கை வாடிக்கையாளரின் பதிவேட்டோடு ஒப்பிடும் வேலையைத்தான் கொடுப்பேன். இரு பக்கமும் 450 ரூபாய் வித்தியாசத்தில் நிற்கும். அந்த எண் ஒன்பதால் வகுபடுவதைக் கவனித்து, இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று ஊகித்து (அப்படி மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும்), 7,830 என்பதை யாரோ 7,380 என்று பதிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் தருணத்தில் சிலருடைய முகம் மலர்ந்துவிடும். வேறு சிலர், “450 ரூபாய்தானே சார், தற்காலிகக் கணக்கில் போட்டுவிடலாமா” என்பார்கள்; காரணம் தெரியாத தொகையை ஒதுக்கி வைக்கும் தலைப்பு அது. இரண்டாம் வகையினர் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். விற்பனையிலோ நிர்வாகத்திலோ அவர்கள் சிறப்பாக விளங்கக்கூடும்.

பதவிப் பெயரை நம்புவது

‘வெல்த் மேனேஜர்’ என்ற பதவி பல இடங்களில் காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் விற்கும் வேலையே. மாத இலக்கு எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பளச் செய்தி

நாளிதழில் வருவது அதிகபட்சச் சம்பளம்.

நாட்காட்டியைப் பார்க்காமல் சேர்வது

தணிக்கையிலும் வரித்துறையிலும் ஆண்டு முழுவதும் கெடுக்களால் ஆனது. ஏப்ரலில் வங்கிக் கிளைத் தணிக்கை நடப்பதால் சித்திரை முதல் நாளில் பெரும்பாலும் வெளியூர்க் கிளையில்தான் இருப்போம். வரித் தணிக்கைக்குச் செப்டம்பர் 30, அதற்குரிய வருமான வரிக் கணக்குக்கு அக்டோபர் 31 என்பதால் ஆயுதபூஜையும் பல ஆண்டுகளில் தீபாவளியும் அந்த நெருக்கடிக்குள்ளேயே வந்துவிடும். சேர்வதற்கு முன் இதை வீட்டிலும் சொல்லிவிடுவது நல்லது. பெண் பார்க்கப் போகும் நாளைச் செப்டம்பர் கடைசியில் குறித்துவிட்டு விடுப்புக் கேட்டு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.