காலையில் கண்டி பஸ் ஏறுகிறீர்களா? எந்தப் பக்கம் இருப்பது?

யாழ்ப்பாணத்தில் காலையில் ஏறுபவர்கள் வலப்பக்க யன்னலைப் பிடியுங்கள். ஏ9 வீதி தெற்கு நோக்கிப் போவதால் மதியம் வரை வெயில் இடப்பக்கத்தில்தான். ஆனையிறவு வெளியில் முகத்தில் அடிக்கும். பின்னேரப் பயணமென்றால் மாறி இருங்கள். பின் சில்லுக்கு மேலுள்ள சீற் மட்டும் வேண்டவே வேண்டாம், கால் நீட்ட இடமிராது, குலுக்கலும் கூட.

மொத்தம் 321 கிலோமீற்றர். தம்புள்ளை வரை பெரும்பாலும் சமதரை, மாத்தளைப் பக்கம் வளைவுகள் தொடங்கத்தான் வயிற்றைப் பிரட்டும். சத்திக் குளிசை வேலைசெய்ய அரை மணித்தியாலமாவது எடுக்கும், ஆகவே தம்புள்ளைக்கு முன்பே போடுங்கள். வழியில் நிற்பாட்டும் கடையில் கொத்துரொட்டியைத் தவிர்த்து பணிஸும் பிளேன்ரீயும் எடுங்கள். இறங்கும்போது பஸ் இலக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்; ஒரே சிவப்பில் நாலைந்து பஸ் நிற்கும்.