விடைத்தாள் கட்டைப் பிரிப்பதற்கு முன்

அரையாண்டுத் தேர்வு முடிந்து, ஐம்பது விடைத்தாள்கள் கொண்ட கட்டு கைக்கு வந்ததும் முதல் தாளைப் பிரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவதே நம்மில் பலரின் வழக்கம். பாரபட்சம் பெரும்பாலும் அந்த அவசரத்தில்தான் நுழைகிறது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் பொதுத்தேர்வுக்கு விடைக்குறிப்பை முன்கூட்டியே வழங்குவதும், பெயர் உள்ள முகப்புத்தாளைக் கிழித்தெடுத்துவிட்டுத் தாள்களைத் திருத்தும் முகாமுக்கு அனுப்புவதும் ஆசிரியரை நம்பாததால் அல்ல. எவ்வளவு நேர்மையானவருக்கும் பெயரைப் பார்த்ததும் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால்தான். வகுப்பாசிரியருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே அதை அவரே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

முதலில் விடைக்குறிப்பை எழுதுங்கள். விடையின் ஒவ்வொரு படிநிலைக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் அதிலேயே குறியுங்கள். கணக்கிலும் அறிவியலிலும் இதற்குத் தேவையில்லை, அங்கே சரி அல்லது தவறுதான் என்று ஆசிரியர் அறையில் சொல்வார்கள். ஆனால் 1912-ல் அமெரிக்காவில் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இருவர் ஒரே ஆங்கில விடைத்தாளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தபோது, மதிப்பெண்கள் முப்பதுக்கும் அதிகமான இடைவெளியில் சிதறிக் கிடந்தன. அடுத்த ஆண்டு வடிவியல் தாளைக் கொடுத்தபோது அந்த இடைவெளி இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

பத்தாம் வகுப்பு இயற்பியலில் இருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 12 வோல்ட் மின்கலத்துடன் 4 ஓம் மின்தடை இணைக்கப்பட்டுள்ளது. (அ) மின்னோட்டம், (ஆ) மின்திறன் காண்க. மொத்தம் 5 மதிப்பெண். (அ) பிரிவில் சூத்திரத்துக்கு 1, பிரதியிடலுக்கு 1, அலகுடன் கூடிய விடைக்கு 1. (ஆ) பிரிவில் சூத்திரமும் பிரதியிடலும் சேர்ந்து 1, விடைக்கு 1 என வைத்துக்கொள்வோம். ஒரு மாணவி 12-ஐ 4-ஆல் வகுத்து, கவனக்குறைவால் 4 ஆம்பியர் என எழுதிவிடுகிறாள். அந்த 4 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கி மின்திறன் 48 வாட் என்கிறாள். விடைக்குறிப்பில் 3 ஆம்பியர், 36 வாட் என்று மட்டும் இருந்தால் இரண்டு விடைகளும் அடிபட்டு 3 மதிப்பெண்ணே மிஞ்சும். உண்மையில் அவள் செய்த தவறு ஒன்றே. ஒரே தவறுக்கு இருமுறை தண்டனை கூடாதென்றால் அவளுக்கு 4 தர வேண்டும். வழிமுறை எதுவும் எழுதாமல் இரண்டு விடைகளை மட்டும் சரியாக எழுதியவனுக்கு 2 போதும் என்பது என் கருத்து. வேறு முடிவு எடுப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, தாள் தாளாகத் திருத்தாமல் வினா வினாவாகத் திருத்துங்கள். எல்லாத் தாள்களின் முதற்பக்கத்தையும் பின்னுக்கு மடித்துவிட்டு, 33-ஆம் வினாவை ஐம்பது தாள்களிலும் முடித்த பிறகே 34-க்குச் செல்லுங்கள். ஒவ்வொரு வினா முடிந்ததும் கட்டைக் கலைத்து அடுக்குங்கள். நான் ஒருமுறை இரவு உணவுக்கு முன் பாதியும் பின் பாதியும் திருத்தியதில், ஏறக்குறைய ஒரே விடையை எழுதிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு 3, மற்றவளுக்கு 5 போட்டிருந்தேன். இருவரும் ஒரே பெஞ்சில் அமர்பவர்கள் என்பதால்தான் அது வெளியே வந்தது. கையெழுத்து நமக்குப் பழக்கமாகிவிட்ட வகுப்பில் முதற்பக்கத்தை மடிப்பதால் முழுப் பயன் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் ஒரே வினாவை ஐம்பது முறை தொடர்ந்து படிக்கும்போது எழுதியவரைவிட எழுதப்பட்டதே கண்ணில் நிற்கும். முத்து முத்தான எழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் மதிப்பெண் தர விரும்பினால் அதைத் தனியாக ஒதுக்கி அறிவித்துவிடுங்கள். ஒவ்வொரு விடையிலும் அரை அரையாகச் சேர்க்காதீர்கள்.

தேர்ச்சிக்கு 35 வேண்டிய இடத்தில் 33-ல் நிற்கும் தாளை மீண்டும் புரட்டி இரண்டு மதிப்பெண் தேடுவது நம் எல்லோருக்கும் பழக்கம். இரக்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் 33-க்கு ஒரு மறுபார்வை உண்டென்றால் 58-ல் நிற்பவனுக்கும் அதே உரிமை உண்டு. எல்லாத் தாள்களையும் மறுமுறை பார்க்க நேரமில்லையெனில், பல தாள்களில் விவாதத்துக்கு இடம் கொடுத்த ஒரு வினாவை மட்டும் எல்லோருக்கும் மறுபடி பாருங்கள். தகுதியுள்ளவனுக்கு அங்கேயே கிடைத்துவிடும்.

மேல்நிலை வகுப்புகளின் அகமதிப்பீட்டில், அதாவது பள்ளியே தரும் மதிப்பெண்ணில், எல்லோருக்கும் பத்துக்குப் பத்து போடுவதை நான் நியாயமாகக் கருதுவதில்லை. ஆண்டு முழுவதும் ஒப்படைவுகளை ஒழுங்காகச் செய்தவனின் உழைப்பை அது அழித்துவிடுகிறது.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் விடைக்குறிப்பைக் கரும்பலகையில் எழுதி, கூட்டலையும் விடுபட்ட விடைகளையும் மாணவர்களே சரிபார்க்க ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். ஒருவன் எழுந்து, தன் விடையும் சரியே என்று நிறுவிவிட்டால், அவனுக்கு மட்டும் திருத்திக் கொடுத்து உட்காரச் சொல்லாதீர்கள். அதே விடையை எழுதிவிட்டுக் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகளின் தாள்களையும் அன்றே திரும்ப வாங்கி, மாற்றிய மதிப்பெண்ணைப் பதிவேட்டில் சுருக்கொப்பத்துடன் ஏற்றிவிடுங்கள்.