இரண்டு நாள் பயணம், இரண்டு வயதுப் பிள்ளை: எங்கே தவறுகிறோம்?

மேப் மூன்று மணி நேரம் என்று காட்டினால், சின்னப் பிள்ளைகளோடு நான்கரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பால், டயப்பர், வாந்தி, புறப்பட்ட பத்தாவது நிமிடத்தில் "உச்சா வருது" எல்லாம் அதில் அடக்கம். இந்தக் கணக்கைப் போடாமல் சனிக்கிழமைக்கு நான்கு இடம், ஞாயிறுக்கு மூன்று இடம் என்று அடுக்குவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. ஒரு நாளைக்கு ஒரே இடம் போதும். அதையும் பகல் தூக்கத்துக்கு முன்போ பின்போ வையுங்கள்.

"ஒருநாள் தூங்காவிட்டால் என்ன, ராத்திரி அடித்துப்போட்டதுபோல் தூங்கும்" என்பது வெறும் நம்பிக்கை. 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. அளவுக்கு மீறிக் களைத்த பிள்ளை தூங்க முடியாமல் அழும். புது அறை வேறு. பழகிய போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துப்போங்கள், வீட்டு வாசனை உதவும்.

அடுத்தது, அழுகையை நிறுத்த காரில் போனைக் கொடுப்பது. கண் அசையாத திரையைப் பார்க்கிறது, உள்காதோ வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல் வருகிறது. 2 வயதுக்குள் இது குறைவு. 6 வயதுக்கு மேல் நன்றாகவே படுத்தும். வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாத லேசான உணவு கொடுங்கள். வழியில் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, தூரத்தில் தெரிவதைக் காட்டிப் பேச்சுக் கொடுங்கள். வாயாடிக்கொண்டே வந்த பிள்ளை சட்டென்று அமைதியாகிறது, கொட்டாவி விடுகிறது, முகம் வெளுக்கிறது என்றால் உடனே ஓரம்கட்டுங்கள். மாற்றுடை, ஈரத் துடைப்பான், இரண்டு கவர் எல்லாம் ஒரே பையில் காலடியில் இருக்க வேண்டும், டிக்கியில் அல்ல. பெரியவர்களுக்கும் ஒரு சட்டை எடுத்து வையுங்கள். தூக்கி வைத்திருப்பவர் மேல்தான் பாதி விழும்.

அழுகிறதே என்று குழந்தைக்கான கார் சீட்டிலிருந்து எடுத்து மடியில் வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. வேகமாகப் போகும் வண்டி மோதினால் எந்தக் கையாலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த முடியாது. அழுதால் வண்டியை நிறுத்தி எடுங்கள். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி இறக்கிவிட வேண்டும். பிள்ளை பின்பக்கம் பார்த்து உட்காரும் வகைக் குழந்தை சீட்டை ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பொருத்தவே கூடாது. தூங்குகிறது என்று நிறுத்திய வண்டியில் விட்டுப்போவதும் ஆபத்து: வெயிலில் பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும்.

மருந்துப் பையில் நடக்கும் குழப்பம் பாராசிட்டமால்தான். சொட்டு மருந்து சிரப்பைவிடப் பல மடங்கு செறிவானது. சிரப்பின் அளவில் அதைக் கொடுத்தால் மிகையாகிவிடும். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் கேட்டு பாட்டிலிலேயே எழுதி ஒட்டுங்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்பு-சர்க்கரைப் பொட்டலத்தில் ஒரு லிட்டர் என்று இருந்தால் முழு லிட்டரிலும் கரைக்க வேண்டும். சின்ன டம்ளரில் கொட்டினால் உப்பு மிகுந்து கெடுதலாகும். தண்ணீர் பக்கம் போனால் பிள்ளை கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கட்டும், மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை.

இவ்வளவு ஏற்பாடும் செய்துவிட்டு, போன இடத்தில் "சீக்கிரம் வா, அதைப் பார்க்கலாம்" என்று இழுப்பார்கள். மூன்று வயதுக்கு அருவியும் ஒன்றுதான், எறும்பு வரிசையும் ஒன்றுதான். லிஃப்ட் பொத்தானை அழுத்துவதும், குட்டையில் கல் போடுவதும் அவர்களுக்குப் பெரிய காட்சி. அங்கேயே அரை மணி நேரம் நில்லுங்கள். உங்களுக்கும் கால் ஆறும்.

ஞாயிறு திரும்புவதை இருட்டும்வரை இழுக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் பகல் தூக்கம் வண்டியிலேயே கழியும். வீடு வந்து குளிப்பாட்டி, வழக்கமான நேரத்துக்கே படுக்க வைத்துவிடலாம்.