மொட்டை மாடிக்கு வெயில் தடுப்புப் பூச்சு: நிறத்தை நம்பாதீர்கள், நிறமியைக் கேளுங்கள்

நம் மேல் விழும் வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். பளீரென்று வெள்ளையாகத் தெரியும் பூச்சும் இந்தக் கதிரைத் திருப்பாமல் விட்டால் மாடி சுடுவது இதனால்தான்.

வெள்ளைப் பூச்சில் உழைக்கும் நிறமி, அதாவது நிறம் தரும் தூள், டைட்டானியம் டை ஆக்சைடு, அதிலும் ரூட்டைல் என்ற படிக வகை. அதன் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) சுமார் 2.7, அதைப் பிடித்து வைக்கும் அக்ரிலிக் பிசினுக்கு 1.5. இந்த வித்தியாசம்தான் ஒளியைச் சிதறடித்துத் திருப்புகிறது. மலிவான பூச்சில் இந்த நிறமியைக் குறைத்துச் சுண்ணாம்புக்கல் தூளை நிரப்புவார்கள். அதன் எண் 1.6 தான், பிசினுக்குள் ஒளியைப் பெரும்பாலும் உள்ளே விட்டுவிடும். எனவே கடையில் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சூரிய எதிரொளிப்பு (வெயிலில் திருப்பி அனுப்பும் பங்கு) 0.80, வெப்ப உமிழ்வு (வாங்கிய சூட்டை வெளியே விடும் திறன்) 0.85, இரண்டுமே இதற்குக் குறையக் கூடாது. அலுமினியப் பெயின்ட் உமிழ்வில் தோற்றுவிடும். வாங்கிய சூட்டை எளிதில் விடாது.

பூச்சு அடிக்கும் முன் பாசியைக் கம்பி பிரஷால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி, நன்றாகக் கழுவுங்கள். விரிசலை அடைத்து, தளம் முழுக்கக் காய்ந்த பிறகே பிரைமர். ஈரத்தின் மேல் அடித்தால் வெயிலில் ஆவி கிளம்பிக் கொப்புளமாக எழும்பும்.

பலர் கோட்டை விடுவது பூச்சுப் படலத்தின் கனத்தில். அகச்சிவப்பின் அலைநீளம் அதிகம். படலத்துக்குள் ஆழமாக இறங்கும். தளம் கண்ணுக்கு மூடிவிட்டதாகத் தெரிந்தாலும், மெல்லிய படலத்தைத் தாண்டி அது கான்கிரீட்டை எட்டிவிடும். காய்ந்தபின் கால் மில்லிமீட்டர் இருக்கட்டும். கனஅளவில் 40 சதவீதம் திடப்பொருள் உள்ள பூச்சானால் 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் பிடிக்கும். இரண்டு மூன்று கோட்டாகப் பிரித்து, ஒன்றுக்கொன்று குறுக்காக அடியுங்கள். தண்ணீர் ஊற்றி நீட்டாதீர்கள். உச்சி வெயிலில் வேண்டாம், மேலே தோல் கட்டி உள்ளே ஈரம் நின்றுவிடும்.

கண் கூசுகிறதென்று கருப்பு ஸ்டெய்னர் (பெயின்ட்டில் கலக்கும் நிறக் கரைசல்) கலப்பதுதான் பெரிய கேடு. அதிலுள்ள கார்பன் பிளாக் என்ற கரித்தூள் நிறமி புற ஊதாவிலிருந்து அகச்சிவப்பு வரை எல்லாவற்றையும் விழுங்கும். சிறிதளவே போதும், எதிரொளிப்பு சரிந்துவிடும். நிறம் வேண்டியே தீருமென்றால், வெள்ளை அடிக்கோட்டின் மேல் மஞ்சள் அல்லது சிவப்பு இரும்பு ஆக்சைடு கலந்த வெளிர் கோட்டு அடிக்கலாம். அவை கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பங்கை உறிஞ்சினாலும் அகச்சிவப்பைப் பெரிதும் திருப்பிவிடும்.

படியும் தூசியும் கரியும் இதே கெடுதலைத்தான் செய்யும். மாசி பிறந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டு, மெல்லிய துடைப்பத்தால் கழுவி விடுங்கள்.